ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய உடம்பு பனிமேட்டில் ஏன் முறிந்தது?

பிரிட்டனின் சேனல் 4-ல் வந்த 'தி ஜம்ப்' நிகழ்ச்சியின் காட்சிகளைப் பார்த்துவிட்டு, "ஒலிம்பிக் சாம்பியன்களே இத்தனை பேர் அடிபட்டு விலகியிருக்கிறார்களே, நேரலை அவசரத்தில் பாதுகாப்பைக் கோட்டை விட்டுவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது தொலைக்காட்சியைப் பற்றிய கேள்வி. உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு உடல்வலு உள்ளவர்களைச் சில வாரம் பழக்கினால் பனிச்சறுக்குத் தாவல் வந்துவிடாதா, வரவில்லை என்றால் யாரோ ஒருவர் தவறு செய்திருக்கத்தானே வேண்டும்? இந்த இரண்டாவது கேள்விக்கு நான் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். முதல் கேள்விக்குப் பாதிதான் முடியும். எந்தப் பாதி என்பதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

நான் கோவையில் பிசியோதெரபி படித்தேன். பல ஆண்டுகளாக இங்கிலாந்தின் வடபகுதியில் மூட்டு, எலும்புக் காயங்களுக்கான பிரிவில் வேலை செய்கிறேன். பிப்ரவரியில் இங்கே பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை. வசதியுள்ள குடும்பங்கள் ஆல்ப்ஸ் மலைக்கு ஸ்கீ (காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது) விளையாடப் போய்த் திரும்பும். அதற்கடுத்த வாரங்களில் எங்கள் பிரிவில் வீங்கிய முழங்கால்களும், தூளியில் தொங்கும் தோள்களும் வரிசையாக வரும். ஸ்கீ காயங்களை நான் கற்றது பெரும்பாலும் இவர்களிடம்தான். அந்த நிகழ்ச்சியில் நான் வேலை செய்ததில்லை, அதில் அடிபட்ட யாருக்கும் சிகிச்சை கொடுத்ததும் இல்லை. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஆளின் காயத்தைப் பற்றிக் கீழே சொல்லும்போது, எது நடந்தது என்பது செய்தியில் வந்த உண்மை. ஏன் நடந்தது என்பது என் தொழிலறிவிலிருந்து வரும் ஊகம். ஸ்கேனைப் பார்க்காமல் காரணத்தை அடித்துச் சொல்ல எந்தப் பிசியோவாலும் முடியாது.

நிகழ்ச்சியைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 2014 ஜனவரி இறுதியில், ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இது ஆரம்பித்தது. டேவினா மெக்கால் தொகுத்து வழங்கினார். நடிகர்கள், பாடகர்கள், ரியாலிட்டி ஷோ முகங்கள், ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்கள் எல்லோரையும் ஆஸ்திரியாவின் டிரோல் மலைக்கு அழைத்துப்போய், ஸ்கெலிட்டன் (சிறு பலகையில் குப்புறப் படுத்துப் பனிக்கட்டித் தடத்தில் சறுக்குவது), பாப்ஸ்லெட் (அதேபோன்ற தடத்தில் சறுக்குவண்டியில் இறங்குவது), ஜயன்ட் ஸ்லாலம் (கம்பங்களைச் சுற்றி வளைந்து ஸ்கீயில் இறங்குவது), ஸ்கீ கிராஸ் (பலர் ஒன்றாக ஸ்கீயில் போட்டியிடுவது) என்று குளிர்கால விளையாட்டுகளைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துப் போட்டியிட வைத்தார்கள். அன்றைய பந்தயத்தில் பின்தங்கியவர்கள் இரவில், நேரலையில், விளக்கொளியில் பனிச்சறுக்குத் தாவல் மேடையேறித் தாவ வேண்டும். குறைந்த தூரம் தாவியவர் வீட்டுக்குப் போக வேண்டும். நான்கு ஆண்டுகள் ஓடியது. 2014-ல் பாடகர் ஜோ மெக்எல்டெரி, 2015-ல் ரியாலிட்டி நட்சத்திரம் ஜோயி எசெக்ஸ், 2016-ல் ரக்பி உலகக்கோப்பை அணியில் இருந்த பென் கோஹன், 2017-ல் மறுபடியும் ரியாலிட்டி நட்சத்திரமான ஸ்பென்சர் மேத்யூஸ் வென்றார்கள். நான்கில் ஒரே ஒருவர்தான் தொழில்முறை விளையாட்டு வீரர். கேள்விக்கான பதிலின் ஒரு துண்டு இந்தப் பட்டியலிலேயே கிடக்கிறது.

காயங்களின் பட்டியல் இன்னும் நீளம். முதல் ஆண்டிலேயே, தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் தங்கம் வென்ற ஸ்டீவ் ரெட்கிரேவ் கையில் எலும்பு முறிந்து விலகினார். 2015-ல் நடனக் கலைஞர் ஓலா ஜோர்டன் நேரலை தொடங்குவதற்கு முன்பே, பயிற்சியிலேயே முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிந்து வெளியேறினார். 2016-தான் மோசமான ஆண்டு. நீச்சல் வீராங்கனை ரெபெக்கா அட்லிங்டனுக்குத் தோள்பட்டை இறங்கியது. நடிகை டீனா ஹோப்லிக்கு முழங்கை விலகியது. 1992 பார்சிலோனாவில் 100 மீட்டர் தங்கம் வென்ற லின்ஃபோர்ட் கிறிஸ்டிக்கு ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசை) போனது. மார்க் ஃபிரான்சிஸ் வண்டெல்லிக்குக் கணுக்காலில் முறிவு. பாடகி சாரா ஹார்டிங்குக்கு முழங்கால். எல்லாவற்றையும்விடக் கொடியது பெத் ட்வெடிலுக்கு நடந்தது. மூன்று முறை உலகச் சாம்பியனான ஜிம்னாஸ்ட் அவர், லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கியவர். தாவல் பயிற்சியில் விழுந்து கழுத்துப் பகுதி முதுகெலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து எலும்புத் துண்டெடுத்துக் கழுத்தில் வைத்து இணைக்கும் அறுவைசிகிச்சை வரைக்கும் போனார். 2012-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பிராட்லி விக்கின்ஸுக்கு 2017-ல் காலில் எலும்பு முறிந்தது.

இந்த வரிசையில் ஒலிம்பிக் பெயர்கள் ஏன் இவ்வளவு? போட்டியாளர்களில் அவர்கள் நிறைய இருந்தார்கள் என்பதும், அவர்கள் அடிபட்டால் செய்தி பெரிதாக வரும் என்பதும் ஒரு காரணம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. உடல்தகுதி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே பொருள் அல்ல. இருபது ஆண்டு ஒரே விளையாட்டைச் செய்த உடம்பு, அந்த விளையாட்டுக்கேற்ப எலும்பு, மூட்டு, தசை, அனிச்சை எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டிருக்கும். அந்த வளைவு சொந்தக் களத்தில் பலம். வேறு களத்தில் அதுவே ஆபத்தாக முடியலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ட்வெடில். தொலைக்காட்சியில் பார்க்கும்போது தாவல் மேடை ஆளை மேலே தூக்கி எறிவதுபோலத் தெரியும். பெரிய மேடைகளில் அதன் விளிம்பு உண்மையில் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தாவுபவர் மலைச்சரிவின் வளைவை ஒட்டியே, தரைக்குச் சில மீட்டர் மேலே பறந்துபோகிறார். அவர் இறங்கும் இடமும் அதே கோணத்தில் சரிந்திருப்பதால், பாதம் படும் நொடியில் தரையில் நேராக மோதும் வேகம் மிகக் குறைவு. ஒரு சின்ன உயரத்திலிருந்து குதித்த அளவுக்குத்தான் அதிர்ச்சி இருக்கும். ஆனால் முன்னோக்கிய வேகம் முழுவதும் அப்படியே மிச்சமிருக்கும். இறங்கிய பிறகும் அந்த வேகத்தோடு ஓடி, சமநிலை குலையாமல், மெல்ல மெல்ல அதைச் செலவழிக்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் இதற்கு நேர்மாறு. அங்கே இறங்குவது என்றால் இரண்டு பாதமும் ஒன்றாக மெத்தையில் பட்டு, அங்கேயே சிலைபோல நிற்பது. ஒரு சிறு அடி எடுத்து வைத்தாலும் மதிப்பெண் போகும். அதற்காகவே ஆயிரக்கணக்கான முறை இறங்கிப் பழகிய உடம்பு, பனியில் இறங்கும்போதும் "நில்" என்றுதான் தன் தசைகளுக்குச் சொல்லும். ஸ்கீயில் நிற்பதற்கு முயல்வதுதான் கவிழ்வதற்கு மிகச் சுலபமான வழி. ட்வெடில் இதனால்தான் விழுந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் இறங்கியபின் தடுப்பில் மோதியதாகச் செய்திகள் வந்தன, அப்படியென்றால் தடுப்பு எங்கே, எவ்வளவு தூரத்தில், எந்தப் பொருளால் ஆனதாக இருந்தது என்பதும் சேர்ந்த கேள்வி. பழகிய இறக்கம் அவருக்கு உதவியிருக்காது, இடைஞ்சலாகவே இருந்திருக்கும் என்பதை மட்டும் நம்பிக்கையோடு சொல்வேன்.

அட்லிங்டனின் தோள் இன்னொரு விதம். பெய்ஜிங்கில் 400, 800 மீட்டர் நீச்சலில் இரட்டைத் தங்கம் வென்றவர். நீச்சல்காரர்களின் தோள்மூட்டு மற்றவர்களுடையதைவிடத் தளர்வாக இருக்கும். நீரை நீளமாக இழுக்க அந்தத் தளர்ச்சி வேண்டும். சிறுவயதிலிருந்து நீந்துபவர்களின் மூட்டு உறை அதற்கேற்ப நெகிழ்ந்துவிடும். அந்தத் தோளை நீருக்குள் தாங்கிப் பிடிப்பது தசைகள்தான். அதே தோளோடு பனியில் விழும்போது யாருமே செய்வது ஒன்றுதான்: கையை நீட்டி ஊன்றுவது. நீட்டிய கையில் உடம்பின் எடையும் வேகமும் ஏறும்போது தோள் முன்பக்கமாக நழுவிப் போகும், அல்லது முழங்கை விலகும். ஹோப்லியின் முழங்கை இந்த வகை என்றே நினைக்கிறேன். கையைக் குறுக்கி, பக்கவாட்டில் உருண்டு விழுவதை ஸ்கீ பள்ளிகளில் குழந்தைகளுக்கு விளையாட்டாகச் சொல்லித்தருவார்கள். குழந்தைக்கு அது எளிது. தரைக்கு அருகில் இருக்கிறது, எடை குறைவு, விழுவதில் வெட்கமும் கிடையாது. வளர்ந்தவருக்குக் கையை ஊன்றும் அனிச்சையை மாற்றுவதற்கு வாரங்கள் போதாது. என் அனுபவத்தில் மாதங்களே இழுக்கும்.

விக்கின்ஸைப் பற்றி ஒரு தகவல் பலருக்கு வியப்பாக இருக்கும். சாலைச் சைக்கிள் பந்தய வீரர்களுக்கு இதயமும் நுரையீரலும் அபாரம், எலும்பு மட்டும் சராசரி ஆளைவிட அடர்த்தி குறைந்திருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். காரணம் எளிது. எலும்பு அதிர்ச்சியைத் தாங்கித் தாங்கித்தான் உறுதியாகும். ஓடுபவருக்கும் குதிப்பவருக்கும் ஒவ்வொரு அடியிலும் அது கிடைக்கிறது. நாளெல்லாம் சேணத்தில் உட்கார்ந்து மிதிப்பவருக்குக் கிடைப்பதில்லை. நீச்சல்காரர்களுக்கும் ஓரளவு இதே நிலைமைதான். விக்கின்ஸின் எலும்பு அடர்த்தி எவ்வளவு என்பது அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் தெரிந்த விஷயம், அவர் பல ஆண்டுகள் மைதானத்தடத்திலும் ஓட்டியவர். ஆனால் 2016 இறுதியில் ஓய்வை அறிவித்த ஒரு சைக்கிள் வீரரை, சில வாரங்களில் பனிமேட்டுக்கு அனுப்பலாமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், முதலில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துவரச் சொல்லியிருப்பேன். அதோடு ஸ்கீ பூட்ஸும் சேர்கிறது. மலைச்சரிவு ஸ்கீக்கான பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக். கணுக்காலை அசையவிடாமல் பூட்டிவைக்கும். அதனால் கணுக்கால் சுளுக்கு குறைந்துவிட்டது. ஆனால் அந்த விசை மாயமாகப் போவதில்லை. பூட்ஸின் மேல்விளிம்பில் கெண்டைக்கால் எலும்புக்கோ, அதையும் தாண்டி முழங்காலுக்கோ ஏறுகிறது.

முழங்கால் என்றவுடன் நான் சற்று நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேலைநாளின் பெரும்பகுதி இதுதான். கோவையில் கபடி, கால்பந்து ஆடும் பையன்களுக்கு ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான லிகமென்ட்) கிழிவதைப் பார்த்துப் பழகியவன் நான். அவர்களுக்கு அது திடீரென்று திசைமாறும்போது நடக்கும். ஸ்கீயில் இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று, பின்னால் சாய்ந்து விழும்போது நடப்பது. இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. எடை முழுவதும் சரிவின் கீழ்ப்பக்கத்து ஸ்கீயின் வால்பகுதியில், உள்விளிம்பில் ஏறுகிறது. அந்த விளிம்பு பனியைப் பற்றிக்கொண்டு உள்நோக்கித் திரும்ப, நீளமான ஸ்கீ ஒரு நெம்புகோலாகி முழங்காலை முறுக்கிவிடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், விழுந்தவர் எழ முயலும்போதுதான் பல நேரம் கிழிகிறது. "விழுந்துட்டா விழுந்தே கிடங்க, சறுக்கி நிக்கிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க" என்று ஸ்கீக்குப் போகும் என் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். ஒரு போட்டியாளரிடம், அதுவும் வாழ்நாள் முழுவதும் விழுந்தவுடன் எழுந்து ஓடுவதற்கே பயின்றவரிடம், இதைச் சொல்லி ஏற்கவைப்பது மிகக் கடினம். இரண்டாவது வழி, தாவி இறங்கும்போது ஸ்கீயின் வால் முதலில் தரையில் படுவது. அப்போது பூட்ஸின் பின்சுவர் கெண்டைக்காலை முன்னே தள்ளுகிறது. தொடை அங்கேயே இருக்கிறது. நடுவில் இருக்கும் ஏசிஎல் அறுந்துபோகிறது. காற்றில் பயந்து பின்னால் சாய்பவர்களுக்கு இதுதான் நடக்கும், புதிதாகத் தாவும் எவருமே பின்னால்தான் சாய்வார்கள்.

"பைண்டிங் கழன்று காப்பாற்றாதா?" என்று கேட்கலாம். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிப்பு, விரல்பக்கத்தில் முறுக்கினாலும் குதிகால் மேலெழும்பினாலும் கழன்றுகொள்ளும். காலெலும்பு முறிவுகளை அது பல பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைத்திருக்கிறது. மேலே சொன்ன முழங்கால் வழிகள் இரண்டிலும் விசை வேறு கோணத்தில் வருவதால், பைண்டிங் பல சமயம் அதை உணர்வதே இல்லை. அதன் இறுக்கத்தை எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், ஆட்டத்திறன் எல்லாம் பார்த்து அமைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: வேகமாகப் போகிறவருக்கு இறுக்கமாக வைப்பார்கள், பந்தய நடுவில் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. பந்தய வேகத்தில் போகும் புதியவருக்கு என்ன அளவு சரி? இதற்கு நல்ல விடை கிடையாது. ஏனென்றால் புதியவர் அந்த வேகத்தில் போகக் கூடாது என்பதுதான் இறுக்க அளவைச் சொல்லும் அட்டவணையின் அடிப்படையே.

கிறிஸ்டியின் ஹாம்ஸ்ட்ரிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐம்பத்தைந்து வயதான, ஒருகாலத்தில் உலகின் வேகமான மனிதர் ஒருவருக்குத் தொடைப் பின்தசை கிழிவது, குளிரில், பழகாத அசைவில், எதிர்பார்க்கக்கூடியதே. அவர் பயிற்சியில் அடிபட்டாரா, காத்திருக்கும்போது உடம்பு ஆறிவிட்டதா என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் காத்திருப்பு என்பது நேரலையோடு நேராகத் தொடர்புள்ள விஷயம் என்பதால் அங்கிருந்தே உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

நேரலை குற்றவாளியா? கண்ணுக்குத் தெரிகிற விதத்தில் இல்லை. ட்வெடில், அட்லிங்டன், ஓலா ஜோர்டன், விக்கின்ஸ் ஆகிய நால்வருமே பயிற்சியில் அடிபட்டவர்கள், கேமரா ஓட, நாடு பார்த்துக்கொண்டிருந்த நொடியில் அல்ல. ஆகவே "ஒளிபரப்பு நேரம் வந்துவிட்டது, தாவு" என்று யாரோ தள்ளிவிட்டதாக ஒரு சித்திரம் உங்கள் மனத்தில் இருந்தால் அது பொருந்தாது. நேரலை வேறு வழியில், முன்கூட்டியே வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு இத்தனை மணிக்கு நிகழ்ச்சி என்று நாடு முழுக்க அறிவித்தாகிவிட்டது. அந்தத் தேதி அசையாது. அசையக்கூடியது பயிற்சிதான். ஒருவருக்கு இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்று பயிற்சியாளருக்குத் தோன்றினாலும், கையில் இருப்பது மூன்று நாள்தான். காயம் நடப்பது அந்த நெருக்கத்தில்.

இதை ஸ்கீ தாவலின் வழக்கமான பாதையோடு ஒப்பிட்டால் புரியும். நார்வேயிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதிலேயே சில மீட்டர் தாவும் குட்டி மேடுகளில் ஆரம்பித்து, ஒவ்வொரு அளவாக ஆண்டுக்கணக்கில் ஏறிப் பெரிய மேடைக்கு வருகிறார்கள். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இரண்டு தாவல் போட்டிகளிலும் கடைசியாக வந்தும் பிரிட்டனின் செல்லப்பிள்ளையான எடி எட்வர்ட்ஸ், இந்த நிகழ்ச்சியின் முதல் ஆண்டில் பயிற்சிக்கு உதவினார். தாமதமாகத் தொடங்கியவர் என்று எல்லோரும் உதாரணம் காட்டுவது அவரைத்தான். அவரும் தாவலுக்கு வரும் முன்பே மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் பல ஆண்டு ஊறியவர், 1984 அணியில் இடம்பிடிக்கும் அளவுக்கு அருகில் வந்தவர். அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாவலில் செலவிட்டார், அதிலும் நிறைய எலும்புகளை முறித்துக்கொண்டார். ஸ்கீயில் நிற்கவே சில வாரம் முன்னால் கற்றவரிடம் இதை எதிர்பார்ப்பது எவ்வளவு அதிகப்படி என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், நேரலையைவிடப் பெரிய பழி போட்டியின் விதியைச் சேர வேண்டும். இதை நான் ஊகமாக அல்ல, தீர்ப்பாகவே சொல்கிறேன். அன்றைய பந்தயத்தில் பின்தங்கியவர் யார்? திறமை குறைந்தவர், அல்லது அன்று களைத்திருப்பவர், அல்லது ஏற்கெனவே எங்கோ வலியோடு இருப்பவர். அந்த மூன்று வகை ஆளையும் பொறுக்கியெடுத்து, இருப்பதிலேயே அபாயமான காரியத்தை இரவில் செய்யச் சொல்லும் விதி அது. நன்றாகச் செய்தவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தது, வெற்றியைத் தூரத்தால் அளந்தார்கள். மேடைகள் வேறு வேறு அளவில் இருந்தன, எதிலிருந்து தாவுவது என்பதைப் போட்டியாளரே தேர்ந்தெடுக்கலாம். பெரிய மேடையில் தூரம் அதிகம் கிடைக்கும். வெளியேற்றம் தலைக்குமேல் தொங்கும்போது எந்த வீரர் சின்ன மேடையைத் தேர்வார்? ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள் அந்த இடத்தில்தான் மற்றவர்களைவிட அதிகம் வசமாக மாட்டினார்கள் என்பது என் எண்ணம். தோற்காமல் இருப்பதே அவர்களுடைய தொழிலாக இருந்தது. ஒரு பாடகருக்கு "எனக்கு இது வராது, சின்னதே போதும்" என்று சொல்வது எளிது. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் முடியும்.

இடம், நேரம் ஆகியவற்றின் பங்கும் கொஞ்சம் உண்டு. படப்பிடிப்பு நடந்த கியூட்டாய் கிராமம் கடல்மட்டத்திலிருந்து 2,020 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் முதல் நாட்களில் களைப்பு சீக்கிரம் வரும், தூக்கம் சரியாக வராது. இரவு விளக்கொளியில் பனியின் மேடுபள்ளம் பகலில் தெரிகிற மாதிரி தெரியாது. வார்ம்-அப் செய்து சூடேற்றிய தசை, குளிரில் கால்மணி நேரம் நின்றாலே அந்தச் சூட்டைப் பெரும்பாலும் இழந்துவிடும். நேரலையில் விளம்பர இடைவேளையும், தொகுப்பாளர் பேச்சும், முந்தைய தாவலின் மறுகாட்சியும் முடிகிற வரைக்கும் மேலே நிற்பவர் நிற்க வேண்டியதுதான். இவை தனித்தனியே சின்ன விஷயங்கள். ஒன்றாகச் சேரும்போது எவ்வளவு எடை என்று அளந்து சொல்ல வழியில்லை.

சுவாரசியமான ஒன்று: பார்க்க மிகப் பயமுறுத்திய விளையாட்டு ஸ்கெலிட்டன். தலை முன்னால், முகவாய் பனிக்கட்டியை உரசுகிற உயரத்தில். இன்ஸ்ப்ரூக் அருகே இக்ல்ஸில், 1976 ஒலிம்பிக்கின்போது பயன்பட்ட தடத்தில் அது நடந்தது. ஆனால் இந்த நிகழ்ச்சியின் பெரிய காயங்கள் அங்கிருந்து வந்ததாகத் தெரியவில்லை. தடம் என்பது சுவருள்ள பாதை, போகும் வழியை அது தீர்மானிக்கிறது, எந்த உயரத்திலிருந்து தொடங்குவது என்பதைக் கட்டுப்படுத்தினால் வேகமும் கட்டுக்குள் இருக்கும். இக்ல்ஸ் தடத்தை எளிதான தடங்களில் ஒன்றாகவே சறுக்குவீரர்கள் மதிப்பிடுவார்கள். ஜெர்மனியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டெஃபான் ராப் 2003-ல் தொடங்கிய வோக் பந்தயமும் இப்படித்தான். சீன வாணலிக்குள் பிரபலங்கள் உட்கார்ந்து பாப்ஸ்லெட் தடத்தில் இறங்குவார்கள், ஐஸ் ஹாக்கி கவசங்களோடு, நேரலையில். அது பல ஆண்டுகள் ஓடியது. தடம் பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக் தொடக்க நாளில் ஜார்ஜியாவின் நோடார் குமரிதாஷ்விலி பயிற்சியில் தடத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு இறந்தார், அவர் தொழில்முறை வீரர். பயமாகத் தெரிவதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்காக மட்டுமே இதைச் சொல்கிறேன்.

ட்வெடிலையே இன்னொரு விதத்தில் பாருங்கள். 2013-ல் ஐடிவியின் 'டான்சிங் ஆன் ஐஸ்' நிகழ்ச்சியை வென்றவர் அவர். அதுவும் நேரலை, அதுவும் குளிர்கால விளையாட்டு, அதிலும் விழுந்து அடிபட்டவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் தொழில்முறை ஜோடி ஒருவர் கைபிடித்துக்கொண்டு கூடவே சறுக்குவார். தரை சமதளம். பயிற்சி மாதக்கணக்கில். சிரமமான அசைவு ஒன்று சரியாக வரவில்லை என்றால் அந்த வாரம் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளலாம், மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். மூன்று ஆண்டு இடைவெளியில் அதே பெண், ஏறத்தாழ அதே உடல், ஒன்றில் கோப்பை, இன்னொன்றில் கழுத்து அறுவைசிகிச்சை. "இவர்கள் தயாராக இல்லை" என்று ஆட்களின்மேல் பழிபோடுபவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

அடுத்து, என்னால் முடியாத பாதி. அலட்சியம் இருந்ததா என்ற கேள்விக்கு விடை, பயிற்சிக் குறிப்பேடுகளிலும் மருத்துவக் குறிப்புகளிலும் இருக்கும், காணொளியில் இருக்காது. சாதாரண ஸ்கீ விடுமுறையில் ஆயிரம் பேர் ஒருநாள் விளையாடினால் இரண்டு மூன்று பேர் அடிபடுவார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 2016-ல் ஒரு சிறு குழுவில் சில வாரங்களில் அத்தனை பேர் விலகியது, அந்தக் கணக்கை எங்கேயோ தாண்டி நிற்கிறது. ஆனால் அது விடுமுறை விளையாட்டு, இது பந்தயம். தொழில்முறை பந்தய வீரர்களுக்கும் காயம் அடிக்கடி வரும். ஆகவே எண்ணிக்கை அபாயம் அதிகம் என்று காட்டும். யார் பொறுப்பு என்று காட்டாது. அந்தப் பருவத்தில் காயங்கள் தொடர்ந்தபோது பாதுகாப்பு ஏற்பாடுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லித் தயாரிப்பாளர்களைச் சேனல் 4 கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டும் நிகழ்ச்சி நடந்தது, 2018-ல் திரும்பி வரவில்லை. 2017-ல் பங்கேற்ற கதீனா காக்ஸ், ரியோ பாராலிம்பிக்கில் ஓட்டத்திலும் சைக்கிளிலும் தங்கம் வென்றவர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர். அவர் இந்த நிகழ்ச்சிக்குப் போனபோது, பிரிட்டனின் விளையாட்டு நிதி அமைப்பான யுகே ஸ்போர்ட் அவருக்கான உதவித்தொகையை நிறுத்திவைத்தது. நடப்பு வீரர் ஒருவரை அங்கே அனுப்புவதில் உள்ள அபாயத்தை அவருடைய சொந்தத் துறை எப்படி எடைபோட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை.

இப்படி ஒரு நிகழ்ச்சி மறுபடி வந்து, மருத்துவக் குழுவில் என்னைச் சேர்த்தால், நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. பின்தங்கியவரைத் தாவ வைக்கும் விதியை எடுத்துவிட வேண்டும். தாவ விரும்புபவர் தாவட்டும், அன்று நன்றாகச் சறுக்கியவர்களுக்குப் பரிசுப் புள்ளியாக வையுங்கள். எந்த மேடை என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். வருவதற்கு முன் தோள், முழங்கால், எலும்பு அடர்த்தி மூன்றையும் பார்த்து, ஒவ்வொருவருடைய பழைய விளையாட்டுக்கு ஏற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும்: ஜிம்னாஸ்டுக்கு இறங்கியபின் ஓடுவதும், நீச்சல்காரருக்குக் கைகுறுக்கி விழுவதும்தான் முதல் பாடம். ரக்பியில் தலையில் அடிபட்டவர் மறுபடி ஆடலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார், பயிற்சியாளர் கெஞ்சினாலும் மாற்ற முடியாது. அதுபோல இங்கேயும், ஒளிபரப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தாலும், "இவர் இன்று தாவ மாட்டார்" என்று சொல்லும் அதிகாரம் தயாரிப்பாளரிடம் சம்பளம் வாங்காத ஒரு மருத்துவர் கையில் இருக்க வேண்டும்.